‘சம்பிளேஸ்’: ஒரு பெயர்ச்சொல் இடம் மாறிய கதை

ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர் பலர், ஒரு வாக்கியத்தில் ‘சம்பிளேஸ்’ என்ற சொல்லைக் கண்டவுடன் அதை அடித்துவிட்டு ‘சம்வேர்’ என்று திருத்துகிறார்கள். காரணம் கேட்டால் “அது கொச்சை” என்பார்கள். இன்னும் சிலர் “அது பிழை, இரண்டு சொற்களைத் தவறாகச் சேர்த்துவிட்டார்கள்” என்பார்கள். அலுவலக அறிக்கையிலோ ஆய்வுக் கட்டுரையிலோ அப்படித் திருத்தினால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஓர் அமெரிக்கக் கதைமாந்தர் பேசும் பேச்சில் வரும் சொல்லையும் பிழை என்று சொல்லி மாணவர்களுக்குக் கற்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல்லுக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. அது பேச்சுவழக்கின் இலக்கணம்தான், ஆனால் ஒழுங்கான இலக்கணம். தமிழ் அறிந்தவர்களுக்கு அதன் நுணுக்கங்கள் பிறரைவிட எளிதாகப் பிடிபடும் என்றும் நம்புகிறேன். மொழிபெயர்ப்பில் நெடுநாள் இந்தச் சொல்லோடு பழகியதால் வந்த நம்பிக்கை இது.

பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயர் குறிப்பிடாத ஓர் இடத்தில் அல்லது ஓர் இடத்துக்கு என்பதுதான் ‘சம்பிளேஸ்’. ‘சம்வேர்’ என்பதன் பொருளும் அதுவே. வேறுபாடு, யார் எங்கே பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ‘சம்பிளேஸ்’ வட அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் அகராதிகள் அதற்கு அந்த முத்திரையைக் குத்தித்தான் வெளியிடுகின்றன. இங்கிலாந்துக்காரர் ஒருவர் அதைக் கேட்டால் புரிந்துகொள்வார், ஆனால் தாம் பேசும்போது பெரும்பாலும் ‘சம்வேர்’ என்பார். அமெரிக்காவிலும் ‘சம்வேர்’தான் மிகுதி. 1990 முதல் 2019 வரையிலான அமெரிக்க ஆங்கிலத்தை நூறு கோடிச் சொற்களுக்கு மேல் திரட்டி வைத்திருக்கும் ‘கோக்கா’ என்னும் மொழித்தொகுப்பு இணையத்தில் கிடைக்கிறது. அதில் இரண்டையும் தேடிப் பார்ப்பவர்கள் ‘சம்பிளேஸ்’ சிறுபான்மைச் சொல் என்பதையும், உரையாடலிலும் புனைகதையிலும்தான் அது அதிகம் உயிர்வாழ்கிறது என்பதையும் காண்பார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பொருள் ஒன்றே, பழைய சொல்லும் வழக்கில் நன்றாகவே இருக்கிறது என்றால், புதிய சொல் ஏன் வந்தது? சொற்களின் வரிசையை ஒருமுறை பார்த்தால் விடை தெரியத் தொடங்கும். ‘சம்திங்’ என்பதில் இருப்பது ‘திங்’, அதாவது பொருள். ‘சம்படி’ என்பதில் இருப்பது ‘பாடி’, அதாவது உடல், ஆள். ‘சம்டைம்’ என்பதில் காலம் என்ற பெயர்ச்சொல். ‘சம்டே’ என்பதில் நாள். இவை எல்லாமே ‘சம்’ என்பதோடு ஒரு பொதுப்படையான பெயர்ச்சொல் சேர்ந்து உருவானவை. ஆனால் இடத்துக்கு வரும்போது மட்டும் வரிசை முறிகிறது. ‘சம்வேர்’ என்பதில் பெயர்ச்சொல் இல்லை. எங்கே என்று கேட்கும் வினாச்சொல் இருக்கிறது. ‘சம்ஹவ்’ என்பதிலும் எப்படி என்ற வினாச்சொல். ஆக, பொருள், ஆள், காலம், நாள் ஆகியவை ஒரு பக்கமும் இடமும் விதமும் இன்னொரு பக்கமுமாக நின்றன. ‘பிளேஸ்’ என்ற பெயர்ச்சொல்லைக் கொண்டு ‘சம்பிளேஸ்’ பிறந்தபோது, இடமும் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டது. இதைச் சோம்பேறிகளின் பேச்சு என்று எப்படிச் சொல்வது? மொழி தன் அமைப்பைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும்போது இப்படித்தான் நிகழும்.

உலக மொழிகள் இந்த இரண்டு வழிகளையுமே பயன்படுத்துகின்றன. குறிப்பிடாத ஒருவரையோ ஒன்றையோ சுட்ட, வினாச்சொல்லை அடிப்படையாகக் கொள்வது ஒரு வழி. ஆள், பொருள், இடம் போன்ற பொதுப் பெயரை அடிப்படையாகக் கொள்வது மற்றொரு வழி. மார்ட்டின் ஹாஸ்பெல்மத் என்ற மொழியியலாளர் 1997இல் இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். ஆராயப்பட்ட மொழிகளில் பாதிக்கும் மேற்பட்டவை வினாச்சொல் வழியைத்தான் பின்பற்றுகின்றன. தமிழ் அந்த வழியைத் தேர்ந்துகொண்டு அதில் ஏறத்தாழ வழுவாமல் நடக்கிறது. யாரோ, எதுவோ, எங்கோ, எப்போதோ, எப்படியோ, எவ்வளவோ என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். வினாச்சொல், அதன்மேல் ஓர் ஓகாரம், அவ்வளவுதான். எனவே ‘சம்வேர்’ என்பது நம் ‘எங்கோ’வுக்கு உறவு. ‘சம்பிளேஸ்’ என்பது ‘ஓரிடம்’ என்பதற்கு உறவு. இரண்டு வழிகளும் ஒரே மொழியில் அருகருகே நிற்பதை ஆங்கிலத்தின் இந்தச் சிறு மூலையில் காணலாம்.

தமிழர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இதற்கு அடுத்துதான் வருகிறது. ‘சம்பிளேஸ்’ என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் மூன்று விதமான சொற்கள் தேவைப்படுகின்றன. ‘ஹி வென்ட் சம்பிளேஸ்’ என்றால் ‘அவர் எங்கோ போனார்’. போன இடம் ஒன்று உண்மையில் இருக்கிறது, பேசுபவருக்கு அது தெரியாது. ‘லெட்ஸ் கோ சம்பிளேஸ்’ என்றால் ‘எங்காவது போகலாம்’. இங்கே இடம் என்று ஒன்று இன்னும் இல்லவே இல்லை, இனிமேல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எங்கோ போகலாம்’ என்று ஒரு தமிழரும் அழைக்க மாட்டார். மூன்றாவது இன்னும் நுட்பமானது. பேச்சின் நடுவில் எழுந்து நிற்கும் ஒருவர், ‘ஐ ஹேவ் டு பி சம்பிளேஸ்’ என்கிறார். அவருக்குத் தாம் போகும் இடம் நன்றாகத் தெரியும். சொல்ல விரும்பவில்லை, அல்லது சொல்லத் தேவையில்லை. தமிழில் அவர் ‘நான் எங்கோ போக வேண்டும்’ என்று சொன்னால் கேட்பவர் திகைப்பார். ‘ஓரிடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது’ என்றுதான் சொல்வார். நம் ஓகாரம் பேசுபவரின் அறியாமையையும் ஐயத்தையும் கட்டாயமாகச் சுமந்து வருகிறது. தெரிந்துகொண்டே மறைப்பவருக்கு அது உதவாது.

மொழியியலாளர்கள் இந்த மூன்றையும் தனித்தனிப் பணிகளாகப் பிரிக்கிறார்கள். பேசுபவருக்குத் தெரிந்த குறிப்பிட்ட இடம் ஒன்று, தெரியாத குறிப்பிட்ட இடம் இன்னொன்று, எந்த இடம் என்றே முடிவாகாதது மூன்றாவது. ஹாஸ்பெல்மத் இப்படி மொத்தம் ஒன்பது பணிகளை வரைபடமாக வரைந்தார். எந்த மொழியில் எந்தச் சொல் எத்தனை பணிகளை ஏற்கிறது என்பது மாறும், ஆனால் ஒரு சொல் ஏற்கும் பணிகள் வரைபடத்தில் அடுத்தடுத்தே இருக்கும் என்பது அவர் கண்ட பொது விதி. தமிழ் நடுவில் வேலி போட்டுப் பிரித்த மூன்று பணிகளையும் ஆங்கிலத்தின் ‘சம்’ வகைச் சொற்கள் ஒன்றாகவே பார்க்கின்றன. மொழிபெயர்க்கும்போது ‘சம்பிளேஸ்’ வந்தால் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: அந்த இடம் இருக்கிறதா, இருந்தால் பேசுபவருக்குத் தெரியுமா? இதற்கு விடை கிடைக்காமல் தமிழ் வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது. ஆங்கில மூலம் சில வேளைகளில் வேண்டுமென்றே விடை சொல்லாமல் விட்டிருக்கும். கணவர் எங்கே போகிறார் என்பதை அவர் மறைக்கிறாரா, அவருக்கே தெரியாதா என்ற ஐயத்தில் கதை நகரும். அப்போது தமிழில் படும் பாடு பெரிது. ‘வெளியே போக வேண்டும்’ என்று இடச்சொல்லையே தவிர்த்துவிடுவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி எனக்கு இதுவரை அகப்படவில்லை.

‘எனி’யோடு ‘பிளேஸ்’ சேர்ந்த ‘எனிபிளேஸ்’ இதைவிடவும் விரிவானது. கேள்வியில் வந்தால் ‘எங்காவது’: எங்காவது போனீர்களா? மறுப்பில் வந்தால் ‘எங்கும்’ அல்லது ‘எங்கேயும்’: எங்கும் போகவில்லை. விருப்பம்போல் தேர்ந்துகொள்ளச் சொல்லும்போது ‘எங்கு வேண்டுமானாலும்’: எங்கு வேண்டுமானாலும் உட்காருங்கள். ஒப்பிடும்போது ‘வேறெந்த இடத்தையும்விட’. நான்கு தமிழ் வடிவங்களின் வேலையை ஒரே சொல் செய்கிறது. இதில் ‘சம்பிளேஸ்’ கேள்வியில் வரவே கூடாது என்று எண்ணிவிட வேண்டாம். ‘எங்காவது போகிறீர்களா’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘எனி’ வகையும் வரும், ‘சம்’ வகையும் வரும். ‘சம்பிளேஸ்’ என்று கேட்டால், ஆம் என்ற விடையைக் கேட்பவர் எதிர்பார்க்கிறார் என்று பொருள். மூட்டைமுடிச்சோடு நிற்பவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது. ‘எனிபிளேஸ்’ என்றால் எந்த எதிர்பார்ப்பும் இல்லாத கேள்வி.

இனி, திருத்துபவர்கள் உண்மையில் எதை எதிர்க்கிறார்கள் என்று பார்ப்போம். ‘பிளேஸ்’ பெயர்ச்சொல். பெயர்ச்சொல் ஆங்கில வாக்கியத்தில் இடத்தைக் குறிக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ‘இன்’, ‘அட்’, ‘டு’ போன்ற முன்னிடைச்சொல் வேண்டும். அது இல்லாமல் ‘கோ சம்பிளேஸ்’ என்று சொல்வது எப்படிச் சரியாகும் என்பதுதான் அவர்கள் வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ‘கோ ஹோம்’ என்பதை அவர்கள் யாரும் திருத்துவதில்லையே. ‘ஹோம்’ பெயர்ச்சொல்தான். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபுகள் இருந்த காலத்திலேயே, போகும் திசையைக் காட்ட அது இரண்டாம் வேற்றுமை வடிவில் தனித்து நின்றது. உருபுகள் உதிர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் உதிரவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதில் வியப்பே இருக்கக் கூடாது. ‘வீடு திரும்பினார்’ என்று நாம் எழுதுகிறோம். ‘வீட்டுக்குத் திரும்பினார்’ என்று விரித்தும் எழுதுகிறோம். ‘ஊர் சென்றார்’ என்பதில் ‘கு’ உருபு மறைந்து நிற்கிறது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதற்கு வேற்றுமைத்தொகை என்று பெயரிட்டு இலக்கணத்தில் இடம் கொடுத்திருக்கிறோம். யாரும் அதைப் பிழை என்று சொல்வதில்லை. தமிழ் இந்தச் சலுகையை ஊர்ப்பெயர்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாகத் தருகிறது. ஆங்கிலமோ மிகக் கஞ்சத்தனமாக, ஓரிரு சொற்களுக்கே தருகிறது. அப்படிச் சலுகை பெற்ற ஒன்றுதான் ‘பிளேஸ்’.

ஏன் ‘பிளேஸ்’ மட்டும்? இந்தக் கேள்வியை முறையாக எடுத்துக்கொண்டவர் ரிச்சர்ட் லார்சன் என்ற மொழியியலாளர். முன்னிடைச்சொல் இல்லாமல் வினையடையாக நிற்கும் பெயர்த்தொடர்களைப் பற்றி அவர் 1985இல் ‘லிங்குவிஸ்டிக் இன்க்வைரி’ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ‘பிளேஸ்’ என்ற சொல் தனித்து நின்று இடத்தைக் குறிக்கும். அதே பொருள் தரும் ‘லொக்கேஷன்’ நிற்காது. ‘ஏரியா’ நிற்காது. ‘சிட்டி’ நிற்காது. ‘லிவ் சம் லொக்கேஷன்’ என்று எந்த ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சொல்ல மாட்டார். பொருளை வைத்து இதை விளக்க முடியாது, ஏனென்றால் இடம் என்ற பொருள் அவை அனைத்துக்கும் உண்டு. இதே கதை விதத்தைக் குறிக்கும் சொற்களிலும் நடக்கிறது. ‘தட் வே’ என்று சொல்லலாம், அங்கே ‘மேனர்’ என்ற சொல்லை வைத்தால் முன்னால் ‘இன்’ போட்டே ஆக வேண்டும். லார்சன் கண்ட முடிவு, இந்தத் திறன் குறிப்பிட்ட பெயர்ச்சொற்களுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு பண்பு என்பதுதான். சொல்லைக் கற்கும்போதே அந்தப் பண்பையும் சேர்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க எனக்குப் பிடித்த வினைச்சொல் ‘புட்’, வை என்று பொருள். ஆங்கிலத்தில் இந்த வினை இடம் சொல்லாமல் நிறைவடையாது. ‘அதை வை’ என்று தமிழில் நிறுத்திக்கொள்ளலாம், ஆங்கிலத்தில் ‘புட் இட்’ என்பதோடு நிறுத்தினால் கேட்பவர் காத்துக்கொண்டே இருப்பார். அங்கே ‘சம்பிளேஸ் சேஃப்’ என்று சேர்த்தால் வாக்கியம் முழுமையடைகிறது. பத்திரமான ஓரிடத்தில் வை. அதாவது, வாக்கியத்தின் கட்டாயமான இடத்தையே இந்தச் சொல் தனியாக நிரப்புகிறது.

அந்த ‘சேஃப்’ எங்கே வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அடைமொழி வழக்கமாகப் பெயருக்கு முன்னால் வரும். இங்கே பின்னால் வந்திருக்கிறது. ‘சம்திங் நியூ’ என்பதில் வருவது போலத்தான் இதுவும். ‘சம்பிளேஸ் வார்ம்’, ‘சம்பிளேஸ் கொயட்’. அடைமொழியை நடுவில் நுழைத்து ‘சம் வார்ம் பிளேஸ்’ என்று சொன்னால் அது பழையபடி சாதாரணப் பெயர்த்தொடர் ஆகிவிடும், பெரும்பாலும் ‘இன்’ அல்லது ‘டு’ என்று முன்னிடைச்சொல்லையும் கேட்கும். சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று குழம்புபவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. ‘சம்வேர்’ என்று மாற்றிப் பார்த்தால் வாக்கியம் குலையாமல் நிற்கிறதா? அப்படியானால் ஒரே சொல்லாக எழுதலாம். நிற்கவில்லையென்றால் அது இரண்டு சொல். காதாலும் கண்டுபிடிக்கலாம். ஒரே சொல்லாக இருக்கும்போது அழுத்தம் ‘சம்’ மீது விழுகிறது, ‘பிளேஸ்’ தணிந்து ஒலிக்கிறது. வியந்து சொல்லும் ‘சம் பிளேஸ்’ வேறு: ஒருவருடைய வீட்டின் பெருமையைப் பார்த்து ‘என்ன ஓர் இடம்!’ என்று சொல்வது. அது எப்போதும் இரண்டு சொல்தான்.

‘டு’ வேண்டாம் என்றால் எல்லா முன்னிடைச்சொற்களும் வேண்டாமா? இல்லை. ‘ஃப்ரம்’ வேண்டும். எங்கிருந்தோ வந்தவரைப் பற்றிப் பேசும்போது ‘ஃப்ரம் சம்பிளேஸ்’ என்றே சொல்ல வேண்டும். போய்ச் சேரும் இடத்துக்கு உருபு வேண்டாம், புறப்பட்ட இடத்துக்கு வேண்டும். தமிழிலும் அதே கதைதான். ‘எங்கோ போனார்’ என்கிறோம், உருபு இல்லை. ‘எங்கிருந்தோ வந்தார்’ என்கிறோம், ‘இருந்து’ இல்லாமல் சொல்ல முடியாது. ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் இந்த ஒரு புள்ளியில் ஒரே மாதிரி நடந்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

‘வேர்’ என்ற பழைய சொல்லின் வரலாறும் திருத்துபவர்களுக்குத் துணை நிற்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்க மூன்று வரிசைகள் இருந்தன. இருக்கும் இடம், போகும் இடம், புறப்படும் இடம். எங்கே என்பதற்கு ‘வேர்’, எங்கு நோக்கி என்பதற்கு ‘விதர்’, எங்கிருந்து என்பதற்கு ‘வென்ஸ்’. இங்கே, அங்கே என்பவற்றுக்கும் இதே போல் மும்மூன்று. ‘சம்விதர்’ என்றுகூட ஒரு சொல் இருந்தது, எங்கோ ஓரிடம் நோக்கி என்று பொருள். காலப்போக்கில் ‘விதர்’ வரிசை அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது, ‘வேர்’ அதன் வேலையையும் எடுத்துக்கொண்டது. இன்று ‘எங்கே போகிறாய்’ என்று கேட்க ‘வேர்’ என்றே சொல்கிறார்கள். அன்றைக்குக் கறாரான ஓர் இலக்கண ஆசிரியர் இருந்திருந்தால், போகும் இடத்தைக் கேட்க ‘வேர்’ பயன்படுத்துவது பிழை என்று கையில் பிரம்போடு நின்றிருப்பார். தன் எல்லையைத் தாண்டி வளர்ந்த சொல்லைக் காட்டி, எல்லை தாண்டும் இன்னொரு சொல்லைக் கண்டிப்பது சரியாகப் படவில்லை.

‘பிளேஸ்’ இன்னும் நீண்ட பயணம் செய்த சொல். கிரேக்கத்தில் ‘பிளாட்டெயா’ என்றால் அகன்ற தெரு. லத்தீன் அதை ‘பிளாட்டெயா’ என்று எடுத்துக்கொண்டது. இத்தாலியில் ‘பியாட்ஸா’, ஸ்பானியத்தில் ‘பிளாஸா’, ஜெர்மனில் ‘பிளாட்ஸ்’ எல்லாம் அதன் வாரிசுகள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, அகன்ற தெரு என்பது வெளி, இடம் என்று பொதுவாகியிருந்தது. வந்த சொல் அங்கிருந்த சொற்களைத் தள்ளிவிட்டது. இடத்தைக் குறிக்கப் பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டோ’, ‘ஸ்டெட்’ என்ற சொற்கள் இருந்தன. முன்னது இன்று பாட்ஸ்டோ போன்ற இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னது ‘இன்ஸ்டெட்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ‘அதற்குப் பதிலாக’ என்று நாம் பொருள் கொள்ளும் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ‘அதன் இடத்தில்’.

குடும்பத்தில் மற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘எவ்ரிபிளேஸ்’ எங்கும் என்று பொருள்தரும். ‘நாங்கள் போன இடமெல்லாம்’ என்று துணைவாக்கியத்தைத் தொடங்கவும் அது உதவும். ‘நோ பிளேஸ்’ பெரும்பாலும் இரண்டு சொல்லாகவே எழுதப்படுகிறது, சேர்த்து எழுதினால் ‘நோப்-லேஸ்’ என்று கண் தவறாகப் பிரித்துப் படித்துவிடும் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பேச்சில் மட்டும் உலவும் இன்னொரு உறவினர் உண்டு: ‘சம்வேர்ஸ்’. கடைசியில் ஒட்டிய அந்த ‘ஸ்’ பன்மை அல்ல. பெயரை வினையடையாக்கப் பழைய ஆங்கிலம் பயன்படுத்திய ஆறாம் வேற்றுமை உருபின் மிச்சம். ‘ஆல்வேஸ்’, ‘நவடேஸ்’, ‘ஒன்ஸ்’ ஆகியவற்றின் கடைசியிலும் அதே உருபுதான் இருக்கிறது. அங்கே தரமான சொல்லாகிவிட்டது, இங்கே கிராமியப் பேச்சு என்று ஒதுக்கப்படுகிறது.

‘சம்பிளேஸ்’ என்பதால் முடியாத காரியங்களும் உண்டு, அவற்றை அறியாமல் பயன்படுத்துவதுதான் உண்மையான தவறு. ‘சம்வேர்’ இடத்தைக் கடந்து அளவுக்கும் போய்விட்டது. ஏறத்தாழ ஐம்பது என்று சொல்ல ‘சம்வேர் அரவுண்ட் ஃபிஃப்டி’ என்கிறார்கள். அங்கே ‘சம்பிளேஸ்’ பொருந்தாது. இருபது முதல் ஐம்பது வரை எவ்வளவும் இருக்கலாம் என்பதற்கு ‘எனிவேர்’ உண்டு, ‘எனிபிளேஸ்’ இயல்பாக இராது. எதிர்பாராமல் திடீரென்று வந்தான் என்பதற்கு ‘அவுட் ஆஃப் நோவேர்’ என்பார்கள். ஆளரவமற்ற இடத்தைச் சொல்ல ‘மிடில் ஆஃப் நோவேர்’ என்பார்கள். இவற்றில் ‘நோ பிளேஸ்’ என்று மாற்றினால் தொடர் உடைந்துவிடும். காரணம் தெளிவு. ‘பிளேஸ்’ என்ற பெயர்ச்சொல் இன்னும் தன் பொருளை விடவில்லை, கால் ஊன்றி நிற்கக்கூடிய ஓர் இடத்தை அது மனத்தில் கொண்டுவருகிறது. வினாச்சொல்லிலிருந்து பிறந்த ‘வேர்’ வகையில் அந்தக் கனம் இல்லை. அதனால் எண்ணுக்கும் அளவுக்கும் எளிதாகப் பறந்துபோகிறது.

அந்தக் கனத்தைத்தான் நான் இந்தச் சொல்லில் விரும்புகிறேன். களைத்துப்போன ஒரு பாத்திரம் ‘சம்பிளேஸ் டு ஸ்லீப்’ வேண்டும் என்று கேட்கும்போது, படுக்க ஓர் இடம் என்ற பருப்பொருள் அதில் தெரிகிறது. ‘எங்காவது தூங்க வேண்டும்’ என்று மொழிபெயர்த்தால் அந்த இடம் காற்றில் கரைந்துவிடுகிறது. ‘படுக்க ஓரிடம் வேண்டும்’ என்று எழுதினால் நிற்கிறது. இங்கே தமிழ் வினாச்சொல் வழியை விட்டுப் பெயர்ச்சொல் வழிக்கு மாறுகிறது, ஆங்கிலமும் அங்கே அதையேதான் செய்திருக்கிறது.

எழுத்தில் எங்கே பயன்படுத்தலாம் என்று கேட்பவர்களுக்கு: நண்பருக்கு எழுதும் கடிதத்தில், அமெரிக்கப் பாத்திரத்தின் உரையாடலில், பேச்சின் தொனி வேண்டிய கட்டுரையில் தாராளமாக எழுதலாம். விண்ணப்பத்திலும் ஒப்பந்தத்திலும் ஆய்விலும் ‘சம்வேர்’ எழுதுங்கள். பிரிட்டிஷ் பாத்திரத்தின் வாயில் ‘சம்பிளேஸ்’ வைக்காதீர்கள், அந்த ஒரு சொல்லே அவரைக் கடல் கடத்திவிடும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று. கதைசொல்லி ‘சம்வேர்’ என்றும் பாத்திரங்கள் ‘சம்பிளேஸ்’ என்றும் பேசும் நூல்கள் உண்டு. இரண்டையும் தமிழில் ஒன்றாக்கிவிட்டால் ஆசிரியர் பிரித்து வைத்த இரண்டு குரல்கள் கலந்துவிடும். தமிழில் அதற்கு வேண்டிய படிநிலைகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் வேறிடம் என்பதற்கு ‘எல்ஸ்வேர்’, ‘சம்வேர் எல்ஸ்’, ‘சம்பிளேஸ் எல்ஸ்’ என்று மேலிருந்து கீழாக மூன்று உண்டு. ‘பிறிதோரிடத்தில்’, ‘வேறோர் இடத்தில்’, ‘வேறெங்காவது’ என்று நான் அவற்றை வரிசைப்படுத்திக்கொள்கிறேன். மூன்றாவதைப் பாத்திரங்களுக்கென்றே ஒதுக்கிவைத்து, கதைசொல்லியின் வாக்கியங்களில் அது நுழையாமல் பார்த்துக்கொள்கிறேன்.